கமக்காரன் பிள்ளையும் ஆங்கிலப் பாடமும்

ஆங்கிலம் என்றவுடன் எம்மவர் இரு கூறாகப் பிரிந்து நிற்பது நீண்டகால வழக்கம். ஆங்கிலம் கற்பதே தமிழுக்கு இழைக்கும் துரோகம் எனக் கொதிப்போர் ஒரு சாரார். ஆங்கிலம் பேசாதவன் படித்தவனே அல்லன் என எண்ணுவோர் மற்றொரு சாரார். முன்னவரை மேடையிலே காணலாம். பின்னவரைக் கொழும்பு வரவேற்பறைகளிலே காணலாம். மேடையில் முன்னவராய் முழங்குவோர் சிலர் வீட்டுப்படி ஏறியதும் பின்னவராகி விடுவதையும் நாம் அறியாதவர்கள் அல்லோம். இவ்விரு சாராரின் பூசலுக்கிடையே கேட்பாரற்றுக் கிடக்கும் கேள்வி ஒன்றுண்டு. எமது கிராமத்துப் பாடசாலையிலே ஆங்கிலப் பாடம் என்ற பெயரில் நடப்பது யாது? அதனால் பிள்ளைக்குக் கிடைப்பது யாது?

சில காலத்துக்கு முன்னர் கிளிநொச்சிப் பகுதிக் கமக்காரர் ஒருவர் எம்மிடம் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். உழவு இயந்திரம் ஒன்றை லீசிங்கில் எடுத்தவர் அவர். பணம் கொடுத்த கம்பனியின் கடிதம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நிலுவையைக் கட்டாவிடில் இயந்திரத்தை மீளக் கைப்பற்றுவோம் என்பது அதன் சாரம். தவணை முடியும் நாள் இலக்கத்திலே குறிக்கப்படவில்லை; இதன் தேதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் என்று, எம்போன்ற சட்டத்தரணிகள் பெரிதும் விரும்பும் நடையில், சொற்களால் எழுதப்பட்டிருந்தது. அவர் எம்மிடம் வந்தபோது அத்தவணை கழிந்து ஒன்பது நாட்களாகிவிட்டன. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் எவருமில்லையா எனக் கேட்டோம். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் திறமைச் சித்தி பெற்றவன் என்றார். "அவன் வாசிச்சுப் பாத்தவன் ஐயா. காசு கட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கினம் எண்டான். எப்பவெண்டு விளங்கேல்லை எண்டான்."

கம்பனிக்கு எழுதி அவகாசம் பெற்றுக் கொடுத்தோம், இயந்திரம் தப்பிற்று. ஆயினும் அந்தச் சம்பவத்தில் இரு அநீதிகள் அடங்கியிருக்கின்றன. தமிழரிடம் தமிழிலே பேசிப் பொருளை விற்றவர்கள் அச்சுறுத்தும்போது மாத்திரம் ஆங்கிலத்துக்கு மாறுவது முதலாவது அநீதி. அதனைப்பற்றி நாம் முன்னரும் எழுதினோம், இனியும் எழுதுவோம். இரண்டாவது அநீதியை எமது அரசியலாளர் கண்டுகொள்வதில்லை. மூன்றாம் ஆண்டு முதல் பதினோராம் ஆண்டு வரை ஒன்பது வருடங்கள் அரசாங்கம் அப்பையனுக்கு ஆங்கிலம் கற்பித்தது. ஈற்றில் திறமைச் சித்தி என்று பத்திரமும் வழங்கியது. அப்பத்திரம் பொய்யானதன்று. கேட்ட வினாக்களுக்கு அவன் விடை எழுதியே அதனைப் பெற்றான். ஆனால் தன் தகப்பனின் இயந்திரத்தைக் காக்கும் அளவுக்கு அவனால் ஒரு பக்கத்தை வாசிக்க முடியவில்லை.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையை மாற்றியமைத்து, தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றும், ஆங்கிலம் இணைப்பு மொழியாதல் வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதனால் அதன் இயல்பு மாறிவிடாது. மொழி கற்பிக்கும் கலையில் வல்லோர் இரண்டாம் மொழி என்றும் அந்நிய மொழி என்றும் ஒரு வேறுபாடு கூறுவர். வகுப்பறைக்கு வெளியேயும் காதில் விழுந்து, கண்ணிற்பட்டு, தொழிலிற் புழங்கும் மொழி இரண்டாம் மொழி. வகுப்பறை வாயிலைத் தாண்டியதும் மறைந்துவிடும் மொழி அந்நிய மொழி. கொழும்பிலே சில வீடுகளில் ஆங்கிலம் இரண்டாம் மொழி. இன்னுஞ் சில வீடுகளில் முதல் மொழியே அதுதான். படுவான்கரையிலும் வாகரையிலும் முல்லைத்தீவிலும் அது அந்நிய மொழி. அங்கே தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் ஆங்கிலச் சொற்கள் உதிரிகளாக விழுகின்றன, வசனங்கள் விழுவதில்லை. இணைப்பு மொழி என்று சட்டம் கூறுவதை நம்பி, இப்பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் ஒரே முறையால் ஒரே பாடத்தைக் கற்பிப்பதே எமது ஆங்கிலக் கல்வியின் அடிப்படைப் பிழை என்பது எமது துணிபு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிழமைக்கு ஐந்து பாடவேளை, பாடவேளைக்கு 40 நிமிடம், வருடத்துக்கு 40 கிழமை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒன்பது வருடங்களுக்கு 1,200 மணித்தியாலம் வரும். குழந்தை ஒன்று நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் விழித்திருக்கிறது என்று கொண்டால் அது வெறும் நூறு நாட்களே. தாயின் மடியிலும் திண்ணையிலும் தெருவிலும் ஒரு குழந்தை தமிழை மூன்று திங்களிற் கேட்டுவிடும் அளவுக்குத்தான் கிராமத்துப் பிள்ளை தன் பாடசாலை வாழ்வு முழுவதிலும் ஆங்கிலத்தைச் சந்திக்கிறது. ஆசிரியர் வராத நாட்களையும் விளையாட்டுப் போட்டி நாட்களையும் கழித்தால் அதுவும் குறையும்.

இந்த நூறு நாட்கள் எவ்வாறு செலவாகின்றன? சென்ற வருட வினாத்தாள், அதற்கு முந்திய வருட வினாத்தாள், கடையில் விற்கும் வழிகாட்டி நூல், மனனஞ் செய்யத்தக்க மாதிரிக் கட்டுரை ஆகியவற்றிலே செலவாகின்றன. சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் பல தசாப்தங்களாக எழுத்துத் தாள்களாலேயே அளவிடப்பட்டு வந்திருக்கிறது. காதுக்கும் நாவுக்கும் புள்ளியில்லை. ஆகையால் அவற்றுக்கு வகுப்பில் இடமில்லை. ரியூட்டரிகளில் ஒலிபெருக்கியின் முன்னே இருநூறு பிள்ளைகள் அமர்ந்து, ஆங்கிலத்தைப் பற்றித் தமிழிலே குறிப்பெழுதிச் செல்கின்றனர். ஆங்கிலத்தைப் பற்றி அறிவது வேறு, ஆங்கிலத்தை அறிவது வேறு. நீச்சலைப்பற்றி விரிவுரை கேட்டவன் கேணியில் இறங்கினால் என்ன நேரும் என்பதைக் கேணியுள்ள ஊரவருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

அந்தக் காலத்து ஆங்கிலம் இப்படியா இருந்தது என்று பெருமூச்செறிவோர் எம்மிடையே பலர். அந்தக் காலத்தைச் சற்றே நிதானமாக நோக்குதல் நன்று. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 இல் மூடப்படும் வரை ஆங்கிலத்தையும் தமிழையும் சேர்த்தே கற்பித்தது. அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகித் திகழ்ந்தார்; அவரே பின்னர் 1887 இல் கலித்தொகையை அச்சேற்றித் தமிழுக்கு உயிர்கொடுத்தார். வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலங் கற்ற ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். சைவத்துக்கும் தமிழ் உரைநடைக்கும் அவர் செய்தவற்றை உலகறியும். ஆங்கிலங் கற்றால் தமிழ் அழியும் என்போருக்கு இவ்விருவரும் போதிய விடை. ஆனால் அன்றைய முறையை அப்படியே மீட்டெடுக்கலாம் என்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். வட்டுக்கோட்டை மாணவர் விடுதியிலே வாழ்ந்தவர்கள். விடியுமுன் எழுந்து இரவு உறங்கும் வரை ஆங்கிலம் அவர்களைச் சூழ்ந்திருந்தது. இலக்கணத்தையும் மொழிபெயர்ப்பையும் மாத்திரம் கொண்டு அவர்கள் தேர்ச்சி பெற்றார்கள் என்று எண்ணுவது தவறு. விடுதியில்லாமல் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்ட பாடசாலைகளில் எஞ்சியது பிரம்படி ஒன்றே.

அந்தக் கல்வி சிலருக்கு மாத்திரமே கிட்டியது என்பதையும் மறத்தலாகாது. ஆங்கிலப் பாடசாலை காசு கட்டுவோருக்கு, தமிழ்ப் பாடசாலை மற்றெல்லோருக்கும் என்றிருந்த பிரிவினையை 1945 இல் வந்த இலவசக் கல்வி உடைத்தது. தாய்மொழியே போதனாமொழி என்ற கொள்கையும் அத்தோடு வலுப்பெற்றது. இரண்டும் நியாயமானவை, இரண்டையும் நாம் ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கின்றோம். ஆனால் போதனாமொழியாக இருந்த ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியபோது, அதனைப் பாடமாகக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் கிராமங்களில் இல்லை. வேலி வீழ்ந்தது, வாயிலில் ஆளில்லை. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் எம்மை எமது மொழிக்காகப் போராட வைத்தது. அந்தப் போராட்டத்தின் வெம்மையில், ஆங்கிலத்தை எவ்வாறு கற்பிப்பது என்ற கேள்வி எமது மாநாட்டுத் தீர்மானங்களில் இடம்பெறவேயில்லை. இதில் எமக்கும் பங்குண்டு. தெற்கிலும் நிலைமை வேறன்று. சிங்கள இளைஞர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் கடுவ, அதாவது வாள். பேராசிரியர் திரு கந்தையா 1984 இல் அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் ஓர் அதிகார ஆயுதமாக விளங்குவதை ஆராய்ந்து எழுதினார். மொழியால் பிரிந்து கிடக்கும் இத்தீவில் ஏழைச் சிங்களவனையும் ஏழைத் தமிழனையும் ஒருங்கே வெட்டும் வாள் அது.

இனி முறைக்கு வருவோம். வகுப்பிலே தமிழ் பேசினால் ஒரு சொல்லுக்கு இவ்வளவு என்று தண்டம் அறவிட்ட பாடசாலைகளைப்பற்றி எமது முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்கவேண்டும் என்ற கொள்கை இன்றும் பல பயிற்சி வகுப்புகளிலே வேதவாக்காக ஓதப்படுகிறது. அதன் பிறப்பு வரலாறு சுவையானது. 1878 இல் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் மொழிப் பாடசாலை தொடங்கிய பேர்லிற்ஸ் என்பவர், நோய்வாய்ப்பட்ட வேளையில் தமக்குப் பதிலாக ஒரு பிரெஞ்சுக்காரரை அமர்த்தினாராம். வந்தவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. வேறு வழியின்றி அவர் சைகையாலும் பொருளைக் காட்டியும் பிரெஞ்சைப் பிரெஞ்சிலேயே கற்பித்தார். மாணவர் முன்னிலும் நன்றாகப் பேசுவதைக் கண்ட பேர்லிற்ஸ் அதனையே தம் முறையாக்கிக்கொண்டார். ஆசிரியருக்கு மாணவரின் மொழி தெரியாமையாற் பிறந்த ஓர் ஏற்பாடு, மாணவரின் மொழி நன்கு தெரிந்த எமது ஆசிரியர்க்கு விதியாக்கப்பட்டிருக்கும் விந்தையை என்னென்பது! 1961 இல் உகண்டாவின் மக்கரேரேயிற் கூடிய பொதுநலவாய மாநாடு இக்கொள்கைக்கு மேலும் வலுவூட்டியது. அம்மாநாட்டின் வழியே பரவிய நம்பிக்கைகளுக்கு ஆதாரமில்லை என்று 1992 இல் வாதிட்டு நூல் எழுதியவரும் றொபேட் பிலிப்சன் என்னும் ஆங்கிலேயரே.

தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்தில் எங்கே இடறுகிறது என்பதைத் தமிழறிந்த ஆசிரியரே அறிவார். நாம் கேட்ட மிகச் சிறந்த ஆங்கில இலக்கணப் பாடம் ஒரு தமிழ்ப் பண்டிதர் நடத்தியது என்றால் சிலர் நகைக்கக்கூடும். அவர் ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர் அல்லர். கரும்பலகையில் 'வீட்டில்' என்று எழுதி, 'இல்' என்னும் உருபின் கீழே கோடிட்டார். அதன் பக்கத்தில் 'இன் த ஹவுஸ்' என்று எழுதி, 'இன்' என்பதன் கீழே கோடிட்டார். "எங்களுக்கு வேற்றுமை உருபு வாலிலே, அவனுக்குத் தலையிலே. விளங்குதோ?" என்றார். அடுத்து 'இவர் ஆசிரியர்' என்று எழுதி, இந்த வசனத்தில் வினைச்சொல் எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் தேடிக் களைத்தனர். தமிழில் அங்கே வினை வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' இன்றி அவ்வசனம் நில்லாது. எம் பிள்ளைகள் அந்த 'இஸ்' என்பதை விழுங்கிவிடுவதன் காரணம் சோம்பலன்று, தமிழே என்பதை அன்றுதான் நாமும் தெளிந்தோம். இந்தப் பாடத்துக்கு ஏழெட்டு நிமிடமே சென்றது. ஆங்கிலத்திலேயே விளக்கியிருந்தால் ஒரு தவணை சென்றிருக்கும்.

இதனைக் கூறுவதால் 40 நிமிடமும் தமிழிலே விளக்கம் சொல்லலாம் என்று எவரும் கொள்ளவேண்டாம். ரியூட்டரி செய்வது அதனைத்தான். தமிழ், கதவைத் திறக்கும் திறப்பாக இருக்கவேண்டும். திறந்தபின் உள்ளே போகவேண்டும். உள்ளே செய்யவேண்டியது வாசித்தல், கேட்டல், பேசுதல், தன் தேவைக்கு எழுதுதல்.

இவற்றுள் முதலிடம் எதற்கு? 1920 களில் வங்காளத்திலே பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற் என்ற கல்வி அதிகாரி இக்கேள்வியை ஒரு கமக்காரனுக்கும் விளங்கும் வகையில் எழுப்பினார். ஆயுட் காப்புறுதி எடுத்தவன் இடைநடுவில் நிறுத்தினாலும் அவனுக்கு ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். பாடசாலையை இடைநடுவில் விட்டுப்போகும் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடத்திலிருந்து திரும்பக் கிடைப்பது என்ன? மேல்வகுப்புக்குப் போனாற்றான் பயன் என்று அமைந்த பாடத்திட்டத்தில் அவனுக்குக் கிடைப்பது பூச்சியம். வங்காளத்திலே பெரும்பாலான பிள்ளைகள் இடையிலேயே விலகுவதைக் கண்ட வெஸ்ற், வாசிப்பை முதலிலே கற்பியுங்கள் என்றார். வாசிக்கத் தெரிந்தவன் எந்த ஆண்டிலே விலகினாலும் கையில் ஏதோ ஒன்றோடு விலகுவான். பின்னர் தானாகவே வளர்த்துக்கொள்ளவுங் கூடும். அடிக்கடி வழங்கும் சொற்களைத் தேர்ந்து ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டு அவர் 1953 இல் வெளியிட்ட பட்டியல் உலகெங்கும் பாடநூல்களுக்கு உதவியது. அவர் ஆட்சியாளரின் உத்தியோகத்தர்தாம். ஆயினும் எமது பாடத்திட்டக் குழுக்கள் எதுவும் கேளாத கேள்வியை அவர் கேட்டார். கிளிநொச்சிப் பையனுக்கு ஒன்பது வருட முடிவிலேயே திரும்பக் கிடைத்தது 'காசு கட்டு' என்ற அளவுக்குத்தான்.

வாசிப்பதற்குப் புத்தகம் வேண்டும். பாடநூல் ஒன்று போதாது. பீஜித் தீவின் கிராமப் பாடசாலைகளில் 1980 களின் தொடக்கத்தில் எலி, மங்குபாய் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் விரும்பும் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் 250 வரை கொடுக்கப்பட்டன. வேறு பெரிய ஏற்பாடு எதுவுமில்லை. வழமையான பயிற்சிப் பாடங்களைத் தொடர்ந்த வகுப்புகளைவிடப் புத்தகம் பெற்ற வகுப்புகள் வாசிப்பில் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் முன்னேறின. பீஜியும் எம்மைப் போன்றே வெள்ளையர் கரும்புக்கும் தேயிலைக்கும் ஆளிறக்கிய தீவு. அங்கும் கிராமத்து வீடுகளில் ஆங்கிலம் இல்லை. எமது வன்னிப் பாடசாலை ஒன்றின் ஆங்கிலப் புத்தக அலுமாரியை நாம் திறந்து பார்த்தோம். அன்பளிப்பாக வந்த தடித்த கலைக்களஞ்சியத்தின் நான்காம் பாகமும், கணக்கியல் நூல் ஒன்றும், கறையான் தின்ற பழைய சஞ்சிகைகளுமே இருந்தன. கலைக்களஞ்சியத்தின் மற்றைய பாகங்கள் எந்த ஊரில் இருக்கின்றனவோ!

பேச்சையும் கேட்டலையும் எவ்வாறு பயிற்றுவது? கடல் கடந்து வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னை முதலிய இடங்களிலும் என். எஸ். பிரபு என்னும் அறிஞர் சாதாரணப் பாடசாலைகளிலே, நெருக்கமான வகுப்புகளிலே, ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கண விதியையும் வாய்ப்பாட்டையும் ஒதுக்கிவைத்து, பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். புகையிரத நேரசூசியைப் பார்த்து எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்று கண்டுபிடித்தல், வரைபடத்திலே வழியைக் காணுதல் என்பன போன்ற வேலைகள். ஆசிரியர் முதலில் அதுபோன்ற ஒன்றை வகுப்பு முழுவதோடும் கேட்டும் சொல்லியும் செய்துகாட்டுவார். பின்னர் ஒவ்வொரு பிள்ளையும் தனித்துச் செய்யவேண்டும். விடை சரியா என்றே பார்ப்பார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் கொள்கை. அதனை மதிப்பிட்டோர் முற்றான வெற்றி என்று கூறவில்லை. ஓரளவு சாதகமான முடிவையே கண்டார்கள். எமது பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகும் பஸ்ஸின் நேரசூசி இருக்கிறது. கிருமிநாசினிப் போத்தலின் லேபல் இருக்கிறது. எத்தனை லீற்றர் நீருக்கு எவ்வளவு மருந்து என்பது கணக்கும் ஆகும், ஆங்கிலமும் ஆகும், தகப்பனின் கைக்கும் கண்ணுக்கும் காவலும் ஆகும். லாண்ட்மாஸ்டரோடு வரும் ஆங்கிலக் கைந்நூல் எத்தனை வீடுகளில் பிரிக்கப்படாமல் கிடக்கிறது! அவை பாடநூல்களாகட்டும்.

யாழ்ப்பாணத்திலேயே நடந்த ஓர் ஆய்வையும் இங்கு கூறவேண்டும். 1990 களின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலங் கற்பித்த சுரேஷ் கனகராஜா தம் கலைப்பீட வகுப்பைக் கூர்ந்து நோக்கி எழுதினார். கிராமத்து வறிய குடும்பங்களிலிருந்து வந்த மாணவர் பலர் இருந்த அவ்வகுப்பில் கையாளப்பட்டது ஓர் அமெரிக்கப் பாடநூல். அமெரிக்க நகரத்தாரின் வாழ்வே அதிலுள்ள உரையாடல்கள். மாணவர் வெளிப்படையாக எதிர்க்கவில்லை. பாடநூலின் ஓரங்களிலே தமிழிற் குறிப்பெழுதினார்கள். படத்திலிருந்த மனிதருக்கு மீசை முதலியன வரைந்து எம்மூரவராக்கினார்கள். சினிமாவும் அரசியலும் அவ்வோரங்களிலே இடம்பிடித்தன. அதேவேளை அவர்கள் ஆசிரியரிடம் கேட்டது இலக்கணத்தையும் பரீட்சைக்கு உதவும் பாடத்தையுமே. பாடநூலை மறுத்தும் பத்திரத்தை விரும்பியும் நின்ற அந்த இருமனத்தை அவர் 1999 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எடுத்துரைத்தார். இந்த ஓரக் குறிப்புகளை ஒழுங்கீனம் என்று கண்டித்த ஆசிரியர்கள் எத்தனைபேர்! கற்பித்தலுக்கு அவற்றைவிடச் சிறந்த தொடக்கம் எது? தமிழகத்துப் பேராசிரியர் குமாரவடிவேலு, எங்கோ வகுக்கப்பட்ட முறையை எங்கும் ஏற்றுமதி செய்யும் காலம் போயிற்று, அந்தந்த இடத்தின் ஆசிரியரே தம் வகுப்புக்கேற்ற வழியைச் சமைக்கவேண்டும் என்று 1994 முதல் எழுதிவந்திருக்கிறார். பிரபுவும் 1990 இல் எல்லார்க்கும் சிறந்த முறை என ஒன்று இல்லை என்றே எழுதினார். இம்மூவரும் மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் மதித்துப் படிக்கும் அறிஞர்கள். எமது கல்வித் திணைக்களங்களின் பயிற்சி வகுப்புகளில் இவர்களின் பெயர் ஒலிக்கக் கேட்டவர் அரியர்.

ஆசிரியர்க்கே இவ்வளவு பொறுப்பெனின், ஆசிரியர் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி. 1950 களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் தொடக்க வகுப்புகளின் ஆங்கில ஆசிரியர் 27,000 பேரை மறுபயிற்றும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. சிலருக்குப் பயிற்சியளித்து, அவர்கள் பலருக்கும், அப்பலர் மேலும் பலருக்கும் பயிற்சியளிக்க, பனியுருண்டை உருளுந்தோறும் பெருப்பதுபோல் பெருகும் என்று எண்ணினார்கள். எங்கள் வெயிலுக்குப் பனியுருண்டை பொருத்தமான உவமையன்று. ஒரு படி இறங்குந்தோறும் பயிற்சி நீர்த்துப்போகும். கடைசிப் படியில் நிற்கும் கிராமத்து ஆசிரியருக்கு வந்து சேர்வது ஒரு நகற்பிரதியும் தேநீருமே. எமது நாட்டிலோ ஆண்டுக்குப் பெயர் சூட்டுவதே திட்டமாயிற்று. 2009 ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டு என்றார்கள். 2012 மும்மொழி ஆண்டு என்றார்கள். அப்துல் கலாம் வந்து தொடக்கிவைத்தார். பெயர் பெற்ற ஆண்டுகள் சென்றன. ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்று நகரத்துக்குப் போவது மாத்திரம் எந்த ஆண்டிலும் தடைப்படவில்லை. போகிறவரை நாம் குறை கூறோம். பஸ் ஒன்று காலையில், ஒன்று மாலையில் என்றுள்ள ஊரில், தங்குவதற்கு அறையுமின்றி, ஓர் இளம் ஆசிரியை எத்தனை ஆண்டு இருப்பார்? அங்கே விடுதி கட்டுவது ஆங்கிலம் கற்பிக்கும் முறையின் ஒரு பகுதி என்பதை எந்தக் கற்பித்தல் நூலும் எழுதுவதில்லை.

கற்பிக்காமலே கேட்பது ஆட்சியாளருக்கு எளிது. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்த வழிசெய்யும் விதி ஒன்று 2020 இறுதியில் வர்த்தமானியில் வெளியானது. 2023 மார்ச் மாதம் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. நிராகரித்தமை நியாயமே. தமிழிலே கற்று வந்த மாணவனிடம் ஆங்கிலத்தைத் திடீரெனக் கேட்பது வாயிலை அடைப்பதாகும். ஆயின் அவ்விதி தோற்றதைக் கொண்டாடியோர் ஒன்றை எண்ணிப் பார்த்தார்களா? தமிழில் பரீட்சை எழுதிச் சட்டத்தரணியாகிய அதே மாணவன் உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலத் தீர்ப்பை வாசிக்கவேண்டும். வாசிக்க இயலாதவனின் கட்சிக்காரன் தோற்பான். அக்கட்சிக்காரன் பெரும்பாலும் எம்மவனே. எல்லார்க்கும் கல்வியில் சமவாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை கூறுகிறது. நீதிமன்றில் அதனை வலியுறுத்த முடியாது என்று 29 ஆம் உறுப்புரை உடனேயே கூறிவிடுகிறது. ஆகவே வழக்குத் தொடுத்துப் பயனில்லை. கேட்கவேண்டிய இடம் மாகாணக் கல்வித் திணைக்களமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமுமே.

நாம் கோருவன பெரியவையல்ல. கிராமத்துப் பாடசாலைக்கு நியமிக்கப்படும் ஆங்கில ஆசிரியருக்கு, முதலில் விடுதியும் பயணப்படியும், பின்பு நியமனக் கடிதம். ஆரம்ப வகுப்பு ஒவ்வொன்றுக்கும் நூறு கதைப் புத்தகம். தமிழ்ப் பிள்ளைக்காகத் தமிழ் அறிந்தோர் எழுதிய ஆங்கில வாசிப்பு நூல்கள். மாகாணப் பரீட்சைகளிலே காதுக்கும் நாவுக்கும் புள்ளி. அதற்குத் தேசியப் பரீட்சை மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பிலே தமிழ் பேசிய ஆசிரியரிடம் விளக்கம் கேட்கும் மேற்பார்வை அதிகாரிகள் தம் குறிப்பேட்டை மூடிவைக்கட்டும்.

கமக்காரச் சகோதரர் அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, சென்ற தவணையில் ஆங்கிலப் பாடம் எத்தனை நாள் நடந்தது, என் பிள்ளை பாடநூலுக்கு வெளியே எத்தனை புத்தகம் வாசித்தது என்று இரு கேள்விகளைக் கேட்பாராக. ஊரைவிட்டு உத்தியோகம் பார்க்கும் வைத்தியரும் பொறியியலாளரும் எம்மினச் சட்டத்தரணிகளும் திருவிழாவுக்கு வரும்போது தம் பிள்ளைகள் வாசித்து முடித்த கதைப் புத்தகங்களை ஒரு பெட்டியில் கொண்டுவருவாராக. கலைக்களஞ்சியத்தின் நான்காம் பாகம் வேண்டாம். புத்தகம் வேண்டும் பாடசாலை அதிபர்கள் தம் பாடசாலையின் பெயரையும் வகுப்புகளின் தொகையையும் எமது அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால், அடுத்த இதழ் முதல் அவற்றை இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.